வாய்க்குப் பொருந்தாத வசனம்

கதாநாயகன் என்னதான் சொல்கிறான் என்று ஒத்தாவியோ பொம்பீலிக்குக் காலையிலிருந்து பிடிபடவில்லை.

பிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டுகிற மூவியோலா இயந்திரத்தின் சின்னத் திரையில் கோர்ராதோ சான்தெல்மோ கதாநாயகியை இறுக்கி அணைத்தபடி, அவள் தோளுக்கு மேலாக ஏதோ சொன்னான். சத்தம் கிடையாது. ரோமில் யார்தான் சத்தத்தோடு படம் எடுத்தார்கள்? படப்பிடிப்பில் ஆணி அடிக்கிறவன் அடித்துக்கொண்டிருப்பான், காப்பிக்காரன் கூவிக்கொண்டிருப்பான், நடிகர்கள் தங்கள் பாட்டுக்கு வாயை அசைத்துவிட்டுப் போவார்கள். வசனம் மனப்பாடமாகாதவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே காதலிப்பான். இந்தப் படத்தில் கதாநாயகி ஹங்கேரிக்காரி, வில்லனாக வரும் பிரபு ஜெர்மானியன். அவரவர் பாஷையில் அவரவர் பேசினார்கள். எதிராளி பேசுவதை யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒத்தாவியோ மாதிரி ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்து, அந்த வாயசைவுக்கு அச்சாகப் பொருந்துகிற வார்த்தைகளாகப் பார்த்து எழுதித் தருவார். நல்ல குரல் உள்ளவர்கள் அதைப் பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. 'எண்பத்தேழு' என்று சொன்ன வாய்க்கு என்ன எழுதலாம், 'முப்பத்திரண்டு' என்று சொன்ன வாய்க்கு என்ன எழுதலாம் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

ஆனால் கோர்ராதோ எண்ணவில்லை. திரைக்கதையில் இருந்ததையும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை போடு, தெலியா."

"பதினாலாவது தடவை சார் இது" என்றாள் உதவியாளர் தெலியா. பிலிமை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. "எனக்கே வாய் வலிக்குது."

முதலில் உதடு வட்டமாகிறது. அப்புறம் மேல்வரிசைப் பல் கீழுதட்டைத் தொடுகிறது. மறுபடியும் வட்டம். பிறகு உதடுகள் இரண்டு முறை மூடித் திறக்கின்றன. அதற்குப் பின்னால் வருவதை எப்படியாவது சமாளித்துவிடலாம். இந்தத் தொடக்கம்தான் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

"கேமராவையே பாக்கறான் சார். உங்களைப் பாத்துப் பேசற மாதிரியே இருக்கு."

"அதுக்குப் பேருதான் நடிப்பு. பாக்கறவன் ஒவ்வொருத்தனுக்கும் அப்படித்தான் இருக்கணும்."

"டைரக்டரைக் கேட்டுடலாமே?"

"அவர் முதலாளிகிட்ட சண்டை போட்டுட்டு அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. குறிப்பு நோட்டும் அவரோடயே போயிடுச்சு."

"அப்ப கோர்ராதோவையே கேளுங்க."

"கேக்காம இருப்பேனா? போன்ல ஒரே சிரிப்பு. 'ஞாபகம் இல்லையே ஒத்தாவியோ, நீங்க பெரிய கலைஞர், கண்டுபிடிச்சுடுவீங்க'ன்னான். தங்கமான பையன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, 'இவன் சொந்தக் குரல் வேணாம், கொசு பாடற மாதிரி இருக்கு'ன்னு நான்தான் முதலாளிகிட்ட சொல்லி பிரிமோ குரலைப் போட வெச்சேன். வேற ஒருத்தனா இருந்தா மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டான். இவன் எதையும் மனசுல வெச்சுக்கல பாரு."

படத்தின் பெயர் 'மோதிரமும் கத்தியும்'. காதலித்தவளைப் பிரபு ஒருவன் கட்டிக்கொண்டு போகிறான், காதலித்தவன் பழி வாங்குகிறான். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு விநியோகஸ்தர் நேப்பிள்ஸிலிருந்து வந்து பார்க்கப்போகிறார். இந்தப் படம்தான் தான் இதுவரை எழுதியதிலேயே மட்டம் என்று ஒத்தாவியோவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இதற்காக அவர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தார். காரணம், முதலாளி ஸ்கார்பெல்லீனி முதல்முறையாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் கொடு. டைட்டில்ல உன் பேரைப் போடறேன். தனி அட்டை. திரை முழுக்க நீ மட்டும்தான்."

இருபத்திரண்டு வருஷத்தில் நூற்று நாற்பது படம். ஒன்றில்கூட அவர் பெயர் வந்ததில்லை. இதனால் அவருக்கு வெளியில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் வீட்டில்தான். மனைவி இல்தேயின் அண்ணன் சீரியோ, தெஸ்தாச்சோவில் கறிக்கடை வைத்திருப்பவன், குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால் டைட்டிலை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிப்பான்.

"குதிரைக்காரன் பேரு வருது மாப்ளே. மீசை ஒட்டறவன் பேரு வருது. மழை ஊத்தறவனுக்குக்கூட ஒரு வரி போட்டிருக்கான். நீ நெஜமாவே சினிமாலதான் இருக்கியா, இல்ல எங்கயாவது ஆபீஸ்ல சீல் குத்திட்டு வந்து எங்க காதுல பூ சுத்தறியா?"

இல்தே கிண்டல் செய்யமாட்டாள். ஆனால் அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றிக் கேட்டால், 'சினிமாக் கம்பெனி' என்று சொல்வதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. 'கம்பெனி' என்று மட்டும் சொல்வாள். அதுதான் ஒத்தாவியோவைக் குடைந்தது.

மத்தியானம் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. மேசையைத் தட்டினார்.

"ஓ, தேவியோ! பொம்மையோ!"

தெலியா படத்தை ஓடவிட்டாள். ஓ, வட்டம். வி, பல். யோ, வட்டம். பொம்மையில் இரண்டு மூடல். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கும் பிரிமோ, ஐந்தடி உயரமும் அதே அளவு சுற்றளவும் உள்ள மனிதர், கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பேசினார். அந்தக் குரலில் கேட்டபோது தெலியாவுக்கே கண் கலங்கியது.

அன்று ஒத்தாவியோ விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை மூன்றாவது ரீலைப் போட்டார்கள்.

கோர்ராதோ பிரபுவின் எதிரே நின்றான். துப்பாக்கியை நீட்டினான். கேமராவைப் பார்த்தான். வட்டம், பல், வட்டம், மூடல், மூடல்.

"சார், மீசை வெச்ச ஆளைப் போய் தேவியோ பொம்மையோன்னு எப்படி..."

"தெரியுது, தெலியா."

ஐந்தாவது ரீலில் கோர்ராதோ அதையே குதிரையின் காதில் சொன்னான். ஆறாவதில் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போது சொன்னான். எட்டாவதில் தாயின் கல்லறை முன் மண்டியிட்டு, கண்ணீர் வழிய, அதையே சொன்னான். கதாநாயகிக்கும் எதிரிக்கும் குதிரைக்கும் பாதிரிக்கும் பிணத்துக்கும் பொதுவாக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? ஒத்தாவியோ கண்ணாடி முன் நின்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். பல்தான் வலித்தது.

புதன்கிழமை அவருக்கு இரண்டாவது விடை கிடைத்தது.

"ஒரு ஆளோட பேரு! ஆளு வேற யாரோ. திரையில வரவே மாட்டான். இவன் எல்லார்கிட்டயும் அவனைப் பத்தியே பேசறான். கொன்சால்வோ பெம்பி!"

உதடு பொருந்தியது. கொன்சால்வோ யார் என்பதுதான் பொருந்தவில்லை. கதாநாயகியை அணைத்துக்கொண்டு 'கொன்சால்வோ பெம்பி!' என்றால், அவன் அவளுடைய பழைய காதலனாக இருக்க வேண்டும். எனவே அவளுக்கு ஒரு பழைய காதலன் உண்டானான். பிரபுவிடம், 'கொன்சால்வோ பெம்பி எங்கே?' என்று கேட்டாயிற்று. குதிரை கொன்சால்வோவின் குதிரை ஆயிற்று. பாதிரியார்தான் அவனை ஒளித்துவைத்திருக்கிறார் என்று ஆயிற்று. கல்லறையில் அவனைப் புதைத்துவிடலாம் என்றால், 'அன்னை மதில்தே' என்று கல்லில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது. கொன்சால்வோவைப் பெற்றவளும் அவளே என்று எழுதிவிட்டார்.

தெலியா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப கொன்சால்வோ கதாநாயகனோட அண்ணனா? அண்ணனோட பழைய காதலியைத்தான் தம்பி காதலிக்கறானா?"

"ஆமா. அதனாலதான் அவ்வளவு கண்ணீர்."

"கடைசி ரீல்ல, கத்தியால குத்தும்போது பிரபுவைப் பாத்து அதையே சொல்றானே?"

ஒத்தாவியோ பிரபுவின் வசனத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பிரபுதான் கொன்சால்வோ."

"மூணாவது ரீல்ல அவன்கிட்டயே 'கொன்சால்வோ எங்கே'ன்னு கேட்டானே சார்!"

"பிரபு பொய் சொல்லியிருக்கான். பிரபுவோட வசனத்தை எல்லாம் மாத்தணும். நட்சரேனோவைக் கூப்பிடு."

பிரபுவுக்குக் குரல் கொடுத்த நட்சரேனோ, ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் பார்க்கப் போய்க் கத்திவிட்டு, தொண்டை கட்டிப் படுத்திருந்தான். போனில் காற்று மட்டும்தான் வந்தது. வேறு ஆள் தேட நேரமில்லை. பிரபுவுக்கும் பிரிமோவே பேசினார். இப்போது கதாநாயகனும் வில்லனும் ஒரே குரலில் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டார்கள். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு ஆள் தனக்குத்தானே பேசிக்கொண்டு பைத்தியமாகிற மாதிரி இருந்தது.

"குரல் ஒண்ணா இருக்கறதுக்கு ஒரு காரணம் வெச்சுட்டா போதும்ணே" என்றார் பிரிமோ, ஆலிவ் கொட்டையைத் துப்பியபடி. "இரட்டைப் பிள்ளைங்கன்னு வெச்சுடுங்க."

"ஒருத்தனுக்குச் சுருள் முடி, ஒருத்தனுக்கு வழுக்கைடா!"

"கவலையில கொட்டியிருக்கும்."

ஒத்தாவியோ அதையும் எழுதினார். 'உன் கவலை உன் முடியைத் தின்றுவிட்டது, சகோதரா' என்று நான்காவது ரீலில் ஒரு வசனம் வந்து சேர்ந்தது. அது வந்ததும் நான்காவது ரீலில் சிரித்துக்கொண்டிருந்த பிரபு ஏன் சிரிக்கிறான் என்பதற்கு ஒரு வசனம் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை வீட்டில் வழக்கம்போல உருளைக்கிழங்கு ஞோக்கி. வழக்கம்போல சீரியோவும் வந்திருந்தான். ஒத்தாவியோ முள்கரண்டியைப் பிடித்தபடி உதட்டை வட்டமாக்கினார், பல்லால் கடித்தார், மூடினார், திறந்தார்.

"சூடா இருக்கா?" என்றாள் இல்தே.

"வேலை."

"என்ன மாப்ளே, மீன் மாதிரி?" என்றான் சீரியோ. "சனிக்கிழமை நெஜமா உன் பேரு வருதா? பதினாலு பேர் வர்றோம். எங்க பெரியப்பா வித்தேர்போலேருந்து பஸ் ஏறி வர்றாரு. அப்புறம் மானத்தை வாங்காதே."

"தனி அட்டை, மச்சான்."

"தனி அட்டையா! வந்துச்சுன்னு வெச்சுக்கோ, கடை வாசல்ல நின்னு, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் 'எங்க மாப்ளே கலைஞன்'னு நானே சொல்றேன். வரலைன்னா, திங்கட்கிழமையிலேருந்து நீ என் கடைக்கு வந்துடு. கறி வாங்கறவனுக்கு வாயை அசைச்சுக் காட்டு."

இல்தே எழுந்து உள்ளே போய், ஒரு நீலக் கவுனைக் கொண்டுவந்து தோளில் வைத்துக் காட்டினாள். அவளே தைத்தது. "எதிர்வீட்டு அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். "சினிமாக் கம்பெனின்னு."

ஒத்தாவியோ ஞோக்கித் தட்டைத் தள்ளிவைத்தார். அவளுக்காகவாவது இந்தப் படம் உருப்பட வேண்டும் என்று அவர் சுவரிலிருந்த தேவமாதாவின் படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டார். மாதாவும் கைவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஏழாவது ரீலில் இன்னும் நான்கு வட்டம்-பல்-வட்டம் அகப்பட்டன, அதில் ஒன்று கோர்ராதோ நாய்க்கு எலும்பு போடும்போது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் நேப்பிள்ஸ் விநியோகஸ்தர், பக்கத்தில் ஸ்கார்பெல்லீனி, அவருக்கும் பக்கத்தில் அவருடைய அக்கா அதல்ஜீசா. சின்ன வயதிலிருந்தே அந்த அம்மாளுக்குக் காது கேட்காது. இருந்தாலும் தம்பி எடுக்கும் படத்தின் முதல் காட்சிக்குத் தவறாமல் வந்துவிடுவாள்.

"இன்னிக்கு எங்க அக்கா ஒருத்திதான் அதிர்ஷ்டக்காரி, உன் வசனம் கேக்காது" என்றார் ஸ்கார்பெல்லீனி. அவர் முகம் நன்றாக இல்லை. மத்தியானமே தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தார்.

கோர்ராதோ சான்தெல்மோவும் வந்திருந்தான். ஒத்தாவியோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்களாமே?" என்று அந்தக் கொசுக்குரலில் விசாரித்தான். ஒத்தாவியோவுக்கு மனசு நெகிழ்ந்தது.

விளக்கு அணைந்தது. டைட்டில் ஓடியது. பின்வரிசையிலிருந்து சீரியோ உரக்கப் படித்தான். "குதிரைகள்... மீசைகள்... காலணிகள்... மழை..." பதினாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இல்தே அவர் கையை எடுத்துத் தன் நீல மடியில் வைத்துக்கொண்டாள்.

மழைக்குப் பிறகு இயக்குநர் பெயர் வந்தது. அதற்குப் பிறகு படம் ஆரம்பித்துவிட்டது.

இல்தே கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலாம் என்று அவருக்குத் தோன்றியது.

முதல் 'கொன்சால்வோ பெம்பி'க்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. குதிரைக்குச் சொன்னபோது ஒருவர் இருமினார். பாதிரிக்குச் சொன்னபோது நாலு பேர் சிரித்தார்கள். கவலை முடியைத் தின்ற இடத்தில் நேப்பிள்ஸ்காரர் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே போனார். நாய் வந்தபோது கோர்ராதோ வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் மொத்தமும் சேர்ந்து, "கொன்சால்வோ பெம்பி!" என்று கத்தியது. சுவரோரத்தில் நின்றிருந்த கோர்ராதோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். அதல்ஜீசா அம்மாள் மட்டும் வைத்த கண் வாங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படம் முடிந்ததும் வெளியே கூடத்தில் ஸ்கார்பெல்லீனி ஒத்தாவியோவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நீ நன்றி சொல்லணும், ஒத்தாவியோ. மத்தியானம் கத்தரிக்கோலால நானே வெட்டினேன் உன் அட்டையை. இந்தப் படத்துல உன் பேரு இருந்தா உனக்கு நாளைக்கு யாரு வேலை கொடுப்பா? 'எழுதினவன் யாரு'ன்னு அந்த நேப்பிள்ஸ்காரரு கேட்டாரு. செத்துட்டான்னு சொல்லிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே முதலாளி. பதினாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அந்தப் பதினாலு பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். வித்தேர்போப் பெரியப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். சீரியோ வாயைத் திறந்தான், இல்தேயின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "விடு மாப்ளே" என்றான் கடைசியில். "வீட்டுக்குப் போலாம். நல்ல ஆட்டுக்கால் எடுத்து வெச்சிருக்கேன்."

இருபத்திரண்டு வருஷக் கிண்டலும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒத்தாவியோவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

"என் பேரு வந்திருக்கணும், இல்தே" என்றார். "நல்லாவே இல்லாட்டியும் பரவாயில்ல. ஒரு தடவை அந்தத் திரையில என் பேரு இருந்திருக்கணும்."

"தெரியுது" என்றாள் அவள். "கோட்டைப் போட்டுக்கோங்க."

அப்போது அதல்ஜீசா அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுதாளோ சிரித்தாளோ, கண்ணெல்லாம் ஈரம். ஒத்தாவியோவைக் காட்டி, இது யார் என்று தம்பியிடம் கையால் கேட்டாள். ஸ்கார்பெல்லீனி அவளுக்கு நேராகத் திரும்பி, வாயை அகலத் திறந்து மெதுவாகச் சொன்னார்.

"வசனம் எழுதினவர், அக்கா. ஒத்தாவியோ பொம்பீலி."

அந்த அம்மாள் தம்பியின் உதட்டையே பார்த்தாள். பிறகு ஒத்தாவியோவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அட, அந்த ஒத்தாவியோ பொம்பீலி நீங்கதானா? அவளைக் கட்டிப்பிடிக்கும்போதும், குதிரை காதுலயும், அம்மா கல்லறையிலயும் அந்தப் பையன் படம் முழுக்க உங்க பேரைத்தானே சொல்லிட்டிருக்கான், 'ஒத்தாவியோ பொம்பீலி, என் குரலைப் பிடுங்கின கழுதையே, இந்த வாய்க்கு வசனம் எழுதுடா பாக்கலாம்'னு!"